நிறமில்லாத அந்தத் தெரு: சித்திர ரீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரீச்சர்,

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய பிரெஞ்சு ஓவியர் சார்ல்ஸ் மெரியோனின் எட்சிங்கை, அதாவது செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படத்தை, இந்தக் கிழமை முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நிறமே இல்லாத படம் பிள்ளைகளுக்குப் பிடிக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் பிடிக்கும்.

படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாரிசின் ஒடுங்கிய தெரு ஒன்று, பழைய சுவர், கம்பி போட்ட ஜன்னல், இருண்ட வாசல், கடந்துபோகிற இரண்டு பெண்கள். சரி, அந்த வாசலின் இருட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது பூசின கறுப்பு இல்லை, நெருக்கி நெருக்கிக் கீறின கோடுகள். மெழுகு பூசின செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் போடுவார்கள். கூடநேரம் அமிலம் அரித்த கோடு ஆழமாகி, நிறைய மை பிடித்து, கடுங்கறுப்பாக அச்சில் விழும். கோடுகளுக்கிடையில் தாளின் வெள்ளை தப்பி நிற்பதால்தான் அந்த இருட்டு மூச்சு விடுகிறது. மெரியோனுக்கு நிறக்குருடு. ஏக்கத்தைச் சொல்ல அவருக்குக் கறுப்பே போதுமாக இருந்தது.

படம் 1854இல் செய்தது. அதற்கு முந்தின வருடந்தான் பாரிசைப் புதிதாக மாற்றிக் கட்டுவதற்கு ஓஸ்மான் என்ற அதிகாரி பொறுப்பேற்றார். பிறகு அந்த நகரத்தின் பழைய தெருக்கள் எத்தனையோ இடிபட்டன.

எனக்கு இதைப் பார்த்ததும் வன்னியில் எங்கள் புதுக்குடியிருப்பு ஒழுங்கைதான் நினைவுக்கு வந்தது. சண்டையால் கரண்ட் இல்லாத காலம். கிடுகு வேலி, மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார்சைக்கிளின் புகை, தேத்தண்ணிக் கடை மேசையில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு. திரி நுனியில் கொஞ்ச வெளிச்சம், மேசை விளிம்பு தெரியும், அதற்கப்பால் முகங்கள் பாதிதான் தெரியும். அந்த வெளிச்சத்தை வர்ணத்தில் தீட்டினால் எனக்குப் பொய்யாகப் படும். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களும் போய்விட்டன. அந்த ஒழுங்கையின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள், ரீச்சர். மெரியோனின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அப்புறம் வீட்டில் அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்: வேலி எந்தப் பக்கம், விளக்கு எங்கே இருந்தது, பின்னேரத்தில் வாசலில் யார் இருப்பார்கள். கறுப்புப் பேனையால் கீறட்டும், அழிறப்பர் வேண்டாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையுமே கீறட்டும்.

சனிக்கிழமை வகுப்பென்றால் நானும் உதவிக்கு வருவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி