சரக்கு வண்டிகளை எதை வைத்து ஒப்பிடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனரக டீசல் சரக்கு வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நாளிதழ்களின் வாகனப் பக்கங்களில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலானவை குதிரைத்திறன், முறுக்குவிசை, விலை, ஓட்டுநர் அறையின் வசதி என்ற வரிசையில் ஓர் அட்டவணையைத் தந்துவிட்டு, எண் பெரிதாக உள்ள வண்டியே சிறந்தது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றன. சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் வாங்குபவருக்கு அது ஓரளவு போதும். வண்டியை வைத்துப் பிழைப்பு நடத்துபவருக்கு அது போதாது. தன் வேலைக்குப் பொருந்தாத வண்டியில் அவர் பணத்தைப் போட்டுவிடவும் அது காரணமாகலாம். சரக்கு வண்டிகளின் பராமரிப்பில் நீண்ட காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், ஒப்பீட்டுக்கு எவை அடிப்படையாக இருக்க வேண்டும் என்று நான் கருதுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முறுக்குவிசை, அதாவது எஞ்சின் தன் தண்டைச் சுழற்றும் விசை. விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. 1,000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,200 சுழற்சியில் தரும் எஞ்சின், அந்த நிலையில் ஏறத்தாழ 171 குதிரைத்திறனை வெளியிடுகிறது. அதே முறுக்குவிசையை 1,600 சுழற்சி வரை குறையாமல் காப்பாற்றும் இன்னொரு எஞ்சின், அங்கே ஏறத்தாழ 228 குதிரைத்திறனைத் தருகிறது. அட்டவணையிலோ இரண்டுக்கும் நேராக 1,000 என்ற ஒரே எண்தான் இருக்கும். உச்ச முறுக்குவிசை எவ்வளவு என்பதைவிட, அது எந்தச் சுழற்சியில் தொடங்கி எதுவரை நீடிக்கிறது என்பதுதான் ஓட்டுநருக்கு வேண்டிய செய்தி. அந்த வரம்பு அகலமாக இருந்தால் அவர் அடிக்கடி கியரை மாற்ற வேண்டியிருக்காது.

அந்த முறுக்குவிசையும் நேராகச் சக்கரத்துக்குப் போய்விடுவதில்லை. கியர்பெட்டியின் விகிதமும் பின் அச்சிலுள்ள கிரவுன் பினியன் என்ற பற்சக்கர இணையின் விகிதமும் (சக்கரம் ஒரு முறை சுழல, கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்; இதுவே அச்சு விகிதம்) அதைப் பெருக்கித் தருகின்றன. மற்ற எல்லாம் சமமாக இருக்க, ஒரு வண்டியின் அச்சு விகிதம் 4.1 ஆகவும் மற்றொன்றினுடையது 6.1 ஆகவும் இருந்தால், இரண்டாவது வண்டிக்கு அதே கியரில் இழுவிசை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கிடைக்கும். முழு லோடுடன் கல்குவாரியின் மண்பாதையில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப அதுவே கைகொடுக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் அதே கியரில், அதே வேகத்தில் போக, அதன் எஞ்சின் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். டீசல் செலவும் தேய்மானமும் கூடும். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே எஞ்சின் என்றாலும், அச்சு விகிதம் மாறினால் அது வேறு வேலைக்கான வண்டி. இந்த ஒரு எண் பெரும்பாலான ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இடம்பெறுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்லும் கட்டுரைகள்கூட இறக்கத்தை மறந்துவிடுகின்றன. மொத்தம் 25 டன் எடையுள்ள வண்டி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்கு, டயர்களின் உருளல் தடையையும் சேர்த்துச் சக்கரத்தில் ஏறத்தாழ 137 கிலோவாட் தேவைப்படும். அதே சரிவில் அதே வேகத்தில் இறங்கும்போது, உருளல் தடை போக 100 கிலோவாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றலை வண்டி எங்காவது வெப்பமாகக் கழித்தாக வேண்டும். அதை முழுவதும் சக்கர பிரேக்குகளின் மேல் சுமத்தினால், சில கிலோமீட்டருக்குள் டிரம்கள் கொதித்து பிரேக் பிடிப்பு தளர்ந்துவிடும். 1931இல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது தம் டீசல் வண்டியை நிறுத்த முடியாமல் உயிர் தப்பிய அனுபவத்திலிருந்துதான், கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தும் ஏற்பாட்டைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். அது 1961இல் விற்பனைக்கு வந்தது. இன்று வண்டிக்கு வண்டி இந்த வசதி வேறுபடுகிறது. சிலவற்றில் புகைபோக்கியை அடைக்கும் எளிய பிரேக் மட்டுமே இருக்கும். சிலவற்றில் வால்வுகளைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் பிரேக்கும், இன்னும் சிலவற்றில் சக்கர பிரேக்கைத் தொடாமலே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர் என்ற தனிக் கருவியும் இருக்கும். எஞ்சினின் இழுதிறனை அச்சிடும் கட்டுரை, அதன் தடுக்கும் திறனையும் எத்தனை கிலோவாட் என்று அச்சிட வேண்டும். மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்தது எடை. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே சுமைத்திறன். ஆனால் நிறுவனங்கள் தரும் வெற்று எடை பல நேரங்களில் பாடி கட்டப்படாத சேசிஸின் எடை மட்டுமே. அதன் மேல் இரும்புத் தொட்டி, டிப்பரைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு, கிரேன், கூடுதல் டீசல் டேங்க் என்று ஏற ஏற, அந்த எடையெல்லாம் சரக்கின் பங்கிலிருந்தே கழியும். ஆகவே பாடி கட்டி முடித்த பிறகு எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் கேள்வி. இதற்கு நேர்மாறாக, “சொன்னதைவிட எவ்வளவு கூடுதலாகத் தாங்கும்?” என்று கேட்டு வண்டிகளை ஒப்பிடும் வழக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து, சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏறத்தாழ ஏற்ப உயர்கிறது என்ற கணக்கு பிறந்தது. அதன்படி அச்சில் 20 சதவீதம் கூடுதல் சுமை என்றால் சாலைக்கு இரண்டு மடங்குச் சேதம். வண்டியின் வில்பட்டைகளும் டயர்களும் பிரேக்குகளும் அனுபவிப்பது தனி. கூடுதல் லோடு தாங்குவதை ஒரு வண்டியின் சிறப்பாக நாளிதழ் எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

டீசல் செலவை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. சரக்கு வண்டிக்கு அந்த அளவுகோல் இரண்டு வகையில் ஏமாற்றும். 10,000 கி.மீ. ஓட்டத்தில் மைலேஜ் 3இலிருந்து 4 ஆக உயர்ந்தால் 833 லிட்டர் மிச்சமாகும். 6இலிருந்து 7 ஆக உயர்ந்தால் 238 லிட்டர்தான் மிச்சமாகும். இரண்டுமே ஒரு கிலோமீட்டர் முன்னேற்றம் போலத்தான் காட்சி தரும். மேலும், ஏற்றிய சரக்கைக் கணக்கில் கொள்ளாத மைலேஜுக்குப் பொருளில்லை. 10 டன் ஏற்றிக்கொண்டு 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் எரிக்கும் வண்டியையும், 15 டன் ஏற்றிக்கொண்டு 30 லிட்டர் எரிக்கும் வண்டியையும் எடுத்துக்கொள்வோம். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக முதலாவதுக்கு 25 மில்லிலிட்டரும் இரண்டாவதுக்கு 20 மில்லிலிட்டரும் ஆகின்றன. மைலேஜில் தோற்ற வண்டி வேலையில் ஜெயிக்கிறது. ஆனால் இது முழு லோடு கிடைத்தால் மட்டுமே பொருந்தும். பாதி லோடோடும், வெறும் வண்டியாகத் திரும்பியும் ஓடுபவருக்குச் சிறிய வண்டியே லாபமாக இருக்கலாம்.

புகை வடிகட்டும் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணிமனைக்கு வரும் புதிய வண்டிகளில் பல இந்த அமைப்பின் கோளாறோடுதான் வருகின்றன. யூரோ 6 போன்ற புகை மாசு விதிகளுக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியா கரைசலைத் தெளிக்கும் அமைப்பும் இருக்கின்றன. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து சாம்பலாக, புகையின் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி வரை உயர வேண்டும். யூரியா அமைப்பும் புகை ஏறத்தாழ 200 டிகிரியைத் தொடாமல் ஒழுங்காக வேலை செய்யாது. நெடுந்தூரம் லோடோடு ஓடும் வண்டியில் இதெல்லாம் தானாக நடந்துவிடும். குப்பை அள்ளும் வண்டி, தெருத்தெருவாகப் பொருள் இறக்கும் வண்டி போன்றவை நின்று நின்று ஓடுவதால் புகை சூடாவதே அரிது. வடிகட்டி அடைபடும், அதைச் சுத்தப்படுத்த எஞ்சின் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நெடுஞ்சாலை ஓட்டத்தில் நல்ல பெயர் வாங்கிய எஞ்சின் நகருக்குள் தொல்லை தருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். எஞ்சினைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வடிகட்டியின் கொள்ளளவு என்ன, நிறுத்தி வைத்த நிலையில் ஓட்டுநரே அதைச் சுத்தப்படுத்தும் வசதி உண்டா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை அதைக் கழற்றிச் சாம்பலை அகற்ற வேண்டும் என்பவற்றை ஒப்பிட வேண்டும்.

நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு கிரேனையோ கான்கிரீட் கலவைத் தொட்டியையோ இயக்கும் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கே பொருந்தாது. ஓடோமீட்டரில் குறைந்த தூரம் காட்டும் வண்டியின் எஞ்சின் பல ஆயிரம் மணி நேரம் உழைத்திருக்கக்கூடும். அத்தகைய வண்டிகளுக்கு ஆயில் மாற்றும் இடைவெளியை மணிக்கணக்கில் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளை ஒப்பிடும்போது எஞ்சின் மணியைப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

ஓட்டுநர் அறை, இருக்கை, டயர் வகை ஆகியவற்றைத் தங்கள் கட்டுரையாளர்கள் ஏற்கெனவே நன்றாக எழுதுகிறார்கள். உதிரிபாகம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சென்சாருக்காகப் பத்து நாள் நிற்கும் வண்டி, அந்தப் பத்து நாளும் கடன் தவணையையும் ஓட்டுநரின் சம்பளத்தையும் தின்றுகொண்டுதான் நிற்கும்.

இனி இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடும்போது, எந்த வேலைக்கான ஒப்பீடு என்பதைத் தலைப்பிலேயே குறிப்பிட்டு, முறுக்குவிசை நீடிக்கும் சுழற்சி வரம்பு, அச்சு விகிதம், எஞ்சின் பிரேக்கின் திறன், பாடி கட்டிய பின் சுமைத்திறன், டன்–கிலோமீட்டருக்கான டீசல் செலவு ஆகிய ஐந்தையும் அட்டவணையில் சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனம் ஏதேனும் ஒன்றைத் தர மறுத்தால், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, தரவில்லை என்றே அச்சிடலாம்.

இப்படிக்கு,
சரக்கு வாகனப் பராமரிப்பாளர் ஒருவர்