பெயர் தெரியாத அந்தச் செவிலியருக்கு நன்றி

2021 மே மாதம், மருத்துவமனை வாசலில் கொரோனா அறிகுறி பார்த்து நோயாளிகளைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவர் நீங்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. கவச உடையின் முதுகில் பேனாவால் எழுதியிருந்த பெயரும் வியர்வையில் கலைந்திருந்தது.

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. வெப்பமானியும் அதையே சொன்னது. "வெறும் சோர்வுதான் அம்மா" என்று அவரே சிரித்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நீங்கள் விடவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினீர்கள்: 87 சதவீதம். கருவியில்தான் கோளாறு என்று நான் சத்தம் போட்டேன். (அன்று எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.) விரல் குளிர்ந்திருந்தால் அளவு தவறலாம் என்று பொறுமையாகச் சொல்லி, அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருந்தீர்கள். இம்முறை 86.

"ஐயா, இனி ஓர் அடிகூட நடக்கக் கூடாது" என்று சக்கர நாற்காலியை நீங்களே இழுத்து வந்தீர்கள். மூச்சுத்திணறல் தெரியாமலேயே இந்த நோயில் ஆக்சிஜன் இறங்கும் என்பதும், 94-க்குக் கீழே போனாலே காத்திருக்கக் கூடாது என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் அவரை வீட்டுக்குத் திருப்பி அழைத்துப்போக நினைத்திருந்தேன். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

பதினொரு நாள் ஆக்சிஜனுக்குப் பிறகு அப்பா வீடு திரும்பினார். நன்றியோடு, அன்று குரல் உயர்த்தியதற்கு மன்னிப்பும் கேட்கிறேன். அவர் இப்போது தினமும் காலையில் நடக்கிறார், என்னைவிட வேகமாக.