ஆண்டறிக்கை: எரிமலைகளோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டு முழுவதும் நம் அறிவியல் மன்றம் எரிமலைகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. மாதம் ஒரு கூட்டம் என்பது தீர்மானம். இரண்டு மாதம் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) சேராமல் தள்ளிப்போனது. மற்றவை குறித்த நாளில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் கூட்டம் ஒரு தப்பெண்ணத்தைக் களைவதிலேயே கழிந்தது. நிலத்துக்கு அடியில் நெருப்புக் கடல் கொதிக்கிறது, ஓட்டை கிடைத்த இடத்தில் பொங்கி வருகிறது என்றே நான் உட்படப் பலரும் நினைத்திருந்தோம். உண்மையில் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகம் பெரும்பாலும் திடப் பாறைதான். அத்தனை சூட்டிலும் அது உருகாதிருக்கக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். ஐஸ்லாந்தைப் போலப் புவித்தட்டுகள் (பூமியின் மேற்புறத்தை மூடி மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகள்) விலகும் இடத்தில் அந்தப் பாறை மேலெழுகிறது. அழுத்தம் குறைந்ததும் உருகத் தொடங்குகிறது. ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் கடல்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழ்கிறது. அது கொண்டுபோகும் நீர், மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. தண்ணீர் சேர்ந்தால் பாறை உருகும் என்பதை ஏற்றுக்கொள்ளச் சிலருக்கு அடுத்த கூட்டம் வரை ஆயிற்று. ஹவாய் இந்த இரண்டிலும் சேராது. அங்கே தட்டின் நடுவில், ஆழத்திலிருந்து எழும் சூடான பாறை உருகி மேலே வருகிறது.

வகைகளைப் பட்டியல் போட்டு ஒப்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பது செயற்குழுவுக்குத் தெரியும். உருகிய பாறைக் குழம்பு எவ்வளவு கெட்டி, அதில் எவ்வளவு வாயு அடைபட்டிருக்கிறது என்று பார்த்தால் மலையின் உருவம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) கூடக் கூடக் குழம்பு கெட்டியாகும். இதைக் காட்ட ஒரு தம்ளரில் தண்ணீரும் இன்னொன்றில் கெட்டிப் பசையும் வைத்து, உறிஞ்சுகுழல் வழியே ஊதினோம். தண்ணீரில் குமிழிகள் சளசளவென்று மேலே வந்து போயின. பசையில் முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு மேற்பரப்பு தொப்பை போல் உப்பி 'டப்'பென்று வெடித்தது. மினிட் புத்தகத்தில் ஜூலை மாதப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். தணிக்கையாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிலிக்கா குறைந்த, இளகிய பசால்ட்டுக் குழம்பு வெகுதூரம் ஓடிப் பரவும். அப்படி அடுக்கடுக்காகப் படிந்து, கவிழ்த்த கேடயம் போலச் சரிவு குறைந்து எழுவது கேடய எரிமலை. ஹவாயின் மௌனா லோவா கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர். கடலடியிலிருந்து அளந்தால் 9 கிலோமீட்டருக்கும் அதிகம். 38 ஆண்டு அமைதிக்குப் பின் 2022இல் அது மீண்டும் குமுறியது.

குழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து செங்குத்தாக உயர்வது அடுக்கு எரிமலை. ஃபூஜி அந்த வகை. கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது அதே வகையைச் சேர்ந்த, அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ். 1980 வசந்தத்தில் அதன் வடக்குச் சரிவு நாளுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் புடைத்துக்கொண்டே வந்தது. மே 18 காலை ஒரு நிலநடுக்கத்தில் அந்தச் சரிவு பெயர்ந்து விழ, உள்ளே அடைபட்டிருந்த வாயு பக்கவாட்டில் சீறியது. 57 பேர் இறந்தனர். 2,950 மீட்டர் மலை 2,549 மீட்டராகக் குறைந்தது. பின்னர், சரிவு பெயர்ந்த இடத்தில் உண்டான பள்ளத்தில் கெட்டிக் குழம்பு ஓட முடியாமல் குவிந்து குவிமாடமாயிற்று.

சிட்டக்கூம்பு சின்னது, தெறித்து விழும் துண்டுகள் வாயைச் சுற்றிக் குவிவதுதான். 1943 பிப்ரவரி 20 அன்று மெக்சிகோவில் ஒரு விவசாயியின் சோளக்காட்டில் பிளவு விட்டுப் பாரிகுட்டின் பிறந்தது. முதல் ஆண்டிலேயே 336 மீட்டர் வளர்ந்து, 1952இல் 424 மீட்டரோடு அடங்கியது. ஒரு மலையின் பிறப்பையும் ஓய்வையும் மனிதர்கள் கூடவே இருந்து பார்த்தார்கள். இந்த ஆண்டு எனக்குப் பிடித்த எரிமலை இதுதான்.

குழம்பறை காலியாகிக் கூரை உள்வாங்கினால் உண்டாவது கால்டெரா. சுமத்ராவின் தோபா ஏரி, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அப்படி உருவான பள்ளத்தில் தேங்கிய நீர்; நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்த பொம்மை எரிமலையைக் கண்காட்சியில் வைக்கலாமா என்பதில் செயற்குழு இரண்டுபட்டது. வாயுவைக் காட்டுகிறது, உருகுதலைக் காட்டவில்லை என்று நான் எதிர்த்தேன். வாக்கெடுப்பில் தோற்றேன். குழந்தைகள் கூட்டம் மொய்த்தது அந்த மேசையைத்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கடலடி எரிமலைகளுக்கு ஒரு கூட்டம்கூட ஒதுக்கவில்லை என்று உறுப்பினர்கள் குறைப்பட்டார்கள். உலகில் வெளிவரும் குழம்பில் பெரும்பகுதி கடலுக்கு அடியில்தான் வெளிவருகிறது, குறை நியாயமானது. வரும் ஆண்டின் முதல் இரண்டு கூட்டங்கள் அதற்கே.

தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டிய நுரைக்கல்லை வீட்டுக்கு எடுத்துப்போன உறுப்பினர் அதை மன்ற அலமாரியில் சேர்த்துவிடவும். அறிக்கையை அவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்