மிகச் சிறந்த குரூப்பை மட்டும் சொல்வது போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் எல்லைப் பகுதி மாணவர் ஒருவர் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ‘4 மில்லிமீட்டர் குரூப்’ (ஒரே அட்டையில் தொடர்ந்து சுட்ட ஷாட்டுகளின் துளைக் கூட்டம்) சுட்டதாகத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் எத்தனை ஷாட்டுகள் சுடப்பட்டன, எப்படி அளக்கப்பட்டது என்ற விவரம் அதில் இல்லை.

ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடைப்பட்ட நீளத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால், மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைக்கும்; அதுவே குரூப்பின் அளவு. பெல்லட் (ஏர் ரைபிளின் சிறு குண்டு) 4.5 மி.மீ. என்பதற்காக அதை அப்படியே கழித்துவிடக் கூடாது. பெல்லட் கடந்த பின் காகிதம் சற்றே சுருங்கிவிடுவதால் துளை அதைவிடச் சிறிதாகவே நிற்கும். அதே அட்டையில் தனியாக ஒரு ஷாட் சுட்டு, அந்தத் துளையை அளந்து கழிப்பதே சரி. இல்லையெனில் குரூப் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும்.

அளவிலும் முக்கியமானது ஷாட்டுகளின் எண்ணிக்கை. இரு ஓரத் துளைகளே முழு அளவையும் தீர்மானிப்பதால், ஷாட்டுகள் கூடக்கூட குரூப்பும் விரிந்துகொண்டே போகும். 5 ஷாட் குரூப்புகள் சராசரியாக 10 மி.மீ. வரும் ஒரு ரைபிளில், 3 ஷாட் குரூப்புகள் ஏறத்தாழ 8 மி.மீ. ஆகவும், 10 ஷாட் குரூப்புகள் 12 மி.மீ.க்குச் சற்று மேலாகவும் வருமென எதிர்பார்க்கலாம். ரைபிளும் சுடுபவரும் மாறவேயில்லை. ஆகவே 3 ஷாட் குரூப்பையும் 10 ஷாட் குரூப்பையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுப்பது தவறு. பெஞ்ச்ரெஸ்ட் (மேசைமேல் ரைபிளைத் தாங்கலில் வைத்துச் சுடும்) போட்டிகளில் ஐந்து ஷாட் குரூப்புகள் ஐந்தைச் சராசரி எடுப்பது வழக்கம். அவற்றுள் மிகச் சிறியது ஒன்றை மட்டும் காட்டி யாரும் அங்கே வென்றுவிட முடியாது. எல்லாத் துளைகளின் பொது மையத்திலிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தின் சராசரியைக் கணக்கிட்டால், எந்த ஷாட்டும் வீணாவதில்லை என்பதால் அதை நான் இன்னும் நம்பகமானதாகக் கருதுகிறேன்.

விலகிப்போன துளையை ‘கை நடுங்கிவிட்டது’ என்று நீக்கும் வழக்கமும் எங்கும் உண்டு. அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே சுடுபவர் அதைச் சொல்லியிருந்தாலொழிய நீக்குவது நியாயமாகாது.

பாலக்காட்டுப் பக்கம் பயிலும் பிள்ளைகளையும் கோயம்புத்தூர்ப் பக்கம் பயிலும் பிள்ளைகளையும் இந்த எண்களை வைத்தே பெற்றோர் ஒப்பிடுகிறார்கள். விலையுயர்ந்த ரைபிளையும் பெல்லட்டையும் இவற்றை நம்பியே வாங்குகிறார்கள். எனவே இனி இத்தகைய செய்திகளில் தூரம், ஒரு குரூப்பில் சுட்ட ஷாட்டுகள், சுட்ட குரூப்புகளின் எண்ணிக்கை, அவை அனைத்தின் சராசரி ஆகியவற்றையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
துப்பாக்கி சுடும் பயிற்சியாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.