பூசை வைத்து விளையாடும் பிள்ளையை அதட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலர் பாடசாலை வயதுப் பிள்ளைகள் வீட்டில், கோயிலில் குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுப்பதைப் பார்த்து, பூசை வைத்து விளையாடுவதைக் கண்டதும், "கோயில் காரியத்தில் விளையாட்டா?" என்று அதட்டும் பெரியவர்களை எங்கள் பங்கில் அடிக்கடி காண்கிறேன். அதே விளையாட்டைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, "இவன் சுவாமியாராகத்தான் வருவான்" என்று உறவினர்களுக்கெல்லாம் அனுப்பி மகிழும் பெற்றோரும் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் நெடுங்காலமாகச் சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்து வருபவள் என்ற முறையில், இவ்விரண்டுமே பிள்ளைக்கு இழைக்கும் அநியாயம் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொடர்மாடியில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி குளிக்கும் துவாயைத் தோளில் போர்த்திக்கொண்டு, பிளாஸ்டிக் முக்காலியைப் பீடமாக்கி, மேரி பிஸ்கட் ஒன்றை இரு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து நின்றதைப் பார்த்தேன். தம்பி கரண்டியால் தம்ளரைத் தட்டி மணி அடித்தான். பிஸ்கட்டைப் பறிக்க வந்த அவனிடம், "முதலில் ஆமென் சொல்லுங்கோ" என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். அவன் சொல்லும்வரை கொடுக்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து வந்த அம்மம்மா, "பொம்பிளைப் பிள்ளை பூசை வைக்கிறதா?" என்று அதட்டவே, பிள்ளை துவாயைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. அந்தப் பிள்ளை பூசையைக் கேலி செய்யவில்லை. மணி எப்போது அடிக்கிறது, எல்லோரும் எந்த இடத்தில் மௌனமாகிறார்கள், கைகளை எப்படி ஏந்த வேண்டும் என்பதையெல்லாம் பெரியவர்களில் பலரைவிடக் கூர்ந்து கவனித்திருந்தது.

சோவியத் உளவியலாளர் லெவ் விகொட்ஸ்கி 1933ஆம் ஆண்டில் விளையாட்டைப் பற்றி ஆற்றிய விரிவுரையில், 7 வயதும் 5 வயதும் உள்ள அக்காவும் தங்கையும் "அக்கா தங்கை விளையாடுவோம்" என்று தொடங்கிய ஒரு சம்பவத்தை எடுத்துக் காட்டுகிறார். அன்றாடம் தாம் சகோதரிகள் என்பதை எண்ணிப் பாராதவர்கள், விளையாட்டு என்று வந்ததும் சகோதரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசித்து நடக்கிறார்கள். தான் உண்மையில் யாரோ அவராகவே இருப்பதைக்கூடப் பிள்ளை விளையாடித்தான் விளங்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மறைக்கல்வி கற்பிக்கும் நாங்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. திருமுழுக்கின் வழியாகக் கடவுளின் பிள்ளையான ஒருவர், அது என்ன வாழ்வு என்பதைப் பாடப் புத்தகத்திற்கு முன்பே பாவனையில் தேடத் தொடங்கிவிடுகிறார்.

ஆண்டவர் இயேசுவே சந்தைவெளியில் சிறுவர்கள் குழல் ஊதிக் கலியாண வீடும், ஒப்பாரி வைத்துச் செத்த வீடும் விளையாடியதைக் கவனித்திருக்கிறார். மத்தேயுவும் லூக்காவும் அதைப் பதிவு செய்துள்ளார்கள். அலெக்சாந்திரியாவின் புனித அத்தனாசியார் சிறுவனாக இருந்தபோது கடற்கரையில் தோழர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்து விளையாடியதையும், அதைக் கண்ட ஆயர் அலெக்சாந்தர் பிள்ளைகளை அழைத்து விசாரித்து, அந்தத் திருமுழுக்கு செல்லும் என்றே ஏற்றுக்கொண்டதையும் ருஃபீனுஸ் தமது திருச்சபை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கால ஒழுங்கு பொருந்தவில்லை என்று அறிஞர்கள் இதனை ஐயுறுவதுண்டு. ஆயினும், பிள்ளைகளின் விளையாட்டைக் கண்ட ஆயர் ஒருவர் கோபம் கொள்ளாமல் உட்கார்ந்து விசாரித்தார் என்று ஆதித் திருச்சபை சொல்லி மகிழ்ந்ததே எனக்குப் போதும்.

படம் பிடித்து அனுப்பும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் குருவாக இருந்த பிள்ளை மத்தியானம் பஸ் கொண்டக்டராகி டிக்கட் கிழிக்கும். பின்னேரம் நாய்க்குட்டியாகி மேசைக்கடியில் படுத்துக்கொள்ளும். அவற்றுள் ஒன்றை மட்டும் நாம் தெரிந்தெடுத்துக் கைதட்டும்போது, அந்த வேடத்தில் இருந்தால்தான் தன்னை விரும்புவார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பாலர் வகுப்பிலிருந்தே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனதில் வைத்துப் பிள்ளைகளை அளக்கும் இந்தக் கொழும்பில், அந்தப் பாடத்தை அவர்கள் வேண்டிய மட்டும் வேறு இடங்களில் கற்றுவிடுகிறார்கள். யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றபின் "என் அன்பார்ந்த மகன்" என்ற இறைவனின் குரல் கேட்டபோது இயேசு இன்னும் ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு சீடரையும் அழைத்திருக்கவில்லை. எங்கள் விசுவாசத்தில் ஒருவர் யார் என்பது அவர் செய்வதற்கு முன்பே கொடுக்கப்படுகிறது. அது உறுதியாகத் தெரிந்த பிள்ளை எந்த வேடத்தையும் பயமின்றிப் போட்டுப் பார்த்து, பயமின்றிக் கழற்றி வைக்கும்.

பாவனை விளையாட்டால் பிள்ளைக்கு இயேசுவின் கதையும் பொய்யென்று தோன்றிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். பிஸ்கட் பிஸ்கட்தான் என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். பூசையில் கொடுக்கப்படும் நற்கருணையை நினைத்து "இது உண்மையான நன்மையா?" என்று அது கேட்டால், "இல்லை, உண்மையான நன்மை கோயிலில் இருக்கிறது" என்று நேராகச் சொன்னால் போதும்.

பங்குகளில் ஞாயிறு வகுப்புகளைப் பொறுப்பேற்றிருப்பவர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். ஆறு வயதுக்குட்பட்டோரை வரிசையாக உட்கார வைத்துச் செபங்களைக் கொப்பியில் எழுத வைக்கும் நேரத்தில் பாதியையாவது விளையாட்டுக்கு விடுங்கள். பழைய சேலைத் துண்டுகள், காட்போட் பெட்டி, ஒரு மணி ஆகியவை போதும். நல்ல சமாரியனையும் காணாமற்போன ஆட்டையும் அவர்களே நடத்துவார்கள். நத்தார் நாடகத்தில் வருடாவருடம் ஒரே பிள்ளைக்கு மரியாள் வேடத்தையும் மற்றவர்களுக்கு ஆட்டுக்குட்டி வேடத்தையும் கொடுக்காமல், ஒத்திகைகளிலாவது எல்லோருக்கும் எல்லா வேடத்தையும் மாற்றிக் கொடுங்கள். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனாக நடித்த சிறுவனை அதன்பிறகும் அந்தப் பெயரால் கூப்பிடும் வழக்கத்தை ஆசிரியர்களே முதலில் நிறுத்த வேண்டும். நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்திற்கு முன் பெற்றோர் கூட்டங்களில் பங்குத்தந்தையர் இதைப்பற்றி ஐந்து நிமிடம் பேசினால், பல வீடுகளில் அதட்டல் நிற்கும்.

இங்ஙனம்,
மறையாசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.