ஆண்டறிக்கை 2024: ஒரு கோஹார்ட், 480 பேர், பாக்கி 128

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மண்டபத்தில், சமோசா தீர்ந்துபோன பிறகு, எல்லோருமாகக் கை தூக்கி ஒரு தீர்மானம் போட்டோம். மேசைப் போர் ஆட்டத்துக்கான பொம்மைப் பெட்டிகளை ஆளாளுக்கு வாங்கி வீட்டுப் பரணில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, சங்கமாகச் சேர்ந்து ரோமப் படைப்பிரிவான ஒரு கோஹார்ட்டை, ஒரு வீரனுக்கு ஒரு பொம்மை என்ற கணக்கில், 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் நிறுத்துவது என்று. ஒரு கோஹார்ட்டுக்கு ஆறு செஞ்சுரி. நம்மவர்களுக்குச் செஞ்சுரி என்றால் நூறு ஓட்டம். ரோமருக்கு எண்பது பேர்தான். ஆக 480. பெட்டிக்கு 24 பேர் வீதம் சரியாக 20 பெட்டி. கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துவந்ததில்தான் ஏமாந்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்றைய நிலை இது. 480 பேரும் ஒட்டி முடிந்தது. வண்ணம் பூசி, மேசைக்குத் தயாராக இருப்பவர்கள் 352. பாக்கி 128.

உறுப்பினர் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 15 பேர் இருந்தோம். இருவர் லண்டனை விட்டே போய்விட்டார்கள். புதிதாக நால்வர் சேர்ந்தார்கள், அதில் இருவர் பள்ளி மாணவர்கள். இப்போது 17.

பெட்டி வாங்கும்போதே ஒரு சண்டை. நாட்டிங்காமின் வார்லார்ட் கேம்ஸ் நிறுவனம் 2007இல் தொடங்கிய காலத்திலேயே பிளாஸ்டிக் ரோமர்களைக் கொண்டுவந்துவிட்டது. நம்மில் பலருக்கு முதல் பெட்டி அதுதான். இன்னொரு நிறுவனமான விக்ட்ரிக்ஸின் ரோமர்கள் பின்னால் வந்தவர்கள், கொஞ்சம் ஒல்லி, செதுக்கல் கூர்மை. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அண்ணன் வீட்டுப் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போல உடல்வாகு ஒட்டாது. வாக்கெடுப்பில் விக்ட்ரிக்ஸ் ஜெயித்தது. தோற்ற தரப்பு பழைய வார்லார்ட் பெட்டியிலிருந்து ஒரு செஞ்சூரியனை, அதாவது செஞ்சுரித் தலைவனை, எப்படியோ உள்ளே நுழைத்திருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் பேசாமல் இருக்கவும்.

ஒட்டும் மாலைகளில் மாணவர் ஒருவர் கேட்டார்: "அங்கிள், கையையும் தலையையும் சேர்த்தே வார்த்துத் தந்தால் என்ன?" நல்ல கேள்வி. இந்த அச்சு இரும்பு. இரண்டு பாதியாக மூடி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி, நேராகத் திறப்பார்கள். கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மடிப்பு எதுவும் அந்த அச்சிலிருந்து கழன்று வராது. அதனால்தான் உடல் ஒன்று, கை ஒன்று, தலை ஒன்று, கேடயம் ஒன்று என்று, பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. உலோகப் பொம்மைக்கு ரப்பர் அச்சு, அது வளைந்துகொடுக்கும். இரும்பு அச்சு செய்யத்தான் பெரும் பணம். செய்துவிட்டால் ஒவ்வொரு பொம்மையும் மலிவு.

நம் மூத்த உறுப்பினர் 1970களில் மாணவராக இங்கே வந்தபோது வாங்கிய ஏர்ஃபிக்ஸ் ரோமர்களையும் ஒருநாள் கொண்டுவந்தார். ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஈட்டியை வளைத்தால் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். "அந்தக் காலத்தில் வண்ணம் பூசுவதே ஒரு நம்பிக்கைதான் தம்பி" என்றார்.

அப்புறம், நவம்பர் விபத்து. மழை நின்ற கையோடு வெளியே வைத்து ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தது யார் என்று அறிக்கையில் எழுதுவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஈரக் காற்றில் பிரைமர் மணல் மணலாகப் படிந்து, ஒரு முழுச் செஞ்சுரி, எண்பது பேர், உப்புத்தாள் போல ஆகிவிட்டார்கள். டெட்டாலில் இரவு முழுக்க ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் பிரைமர் கழன்றுவிடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தேய்த்து முடித்து, டெட்டாலிலேயே ஒருமுறை அலசிய பிறகுதான் தண்ணீர் படலாம். முந்தித் தண்ணீர் பட்டால் எல்லாம் பிசினாகிவிடும். இரண்டாவது வாளியில்தான் இது நமக்குத் தெரிந்தது. மண்டபம் இரண்டு வாரம் பிரசவ வார்டு போல மணத்தது. பக்கத்து அறை யோகா வகுப்பினரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

ஏப்ரலில் பிரிட்டிஷ் மியூசியத்தில் நடந்த ரோமப் படைக் கண்காட்சிக்குப் பதினொரு பேர் போனோம். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வந்திருந்த சிரியாவின் டூரா யூரோப்போஸில் கிடைத்த கேடயத்தின் முன் நாம் நின்ற நேரத்தில் காவலர் இரண்டு முறை நம்மைச் சுற்றிவந்தார். ரோமரின் வளைந்த நீள்கேடயங்களில் முழுசாகத் தப்பிப் பிழைத்தது அது ஒன்றுதான். மெல்லிய மரப்பட்டிகளை அடுக்கடுக்காக ஒட்டி வளைத்திருக்கிறார்கள், நம்ம ஊர் பிளைவுட் வேலை மாதிரி. உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நம் அளவுக்கு இறக்கினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொருளாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேடயத்தை எடுத்துக் கண்ணாடிக்கு இப்பால் பிடித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது மூன்றாம் நூற்றாண்டுக் கேடயம். நம் படை முதல் நூற்றாண்டு. ஆகவே அதிலிருக்கும் சிங்கத்தையும் கழுகையும் நகலெடுக்க முடியாது என்று திரும்பும் ரயிலிலேயே முடிவாயிற்று. எகிப்திலிருந்து வந்த முதலைத் தோல் கவசத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கேடயங்களில் ரோம் நகரின் டிராஜன் தூணில் உள்ளதுபோலச் சிறகும் மின்னலும் போடுவது என்று திட்டம். நீரில் ஊறவைத்து ஒட்டும் படங்கள் வளைந்த பரப்பில் சுருங்கின. நடுக் குமிழுக்கு ஓட்டை வெட்டும்போது கிழிந்தன. அறுபது கேடயம் வீணான பிறகு உறுப்பினர் ஒருவரின் அம்மா, மகனைக் கூட்டிப்போக வந்தவர், நின்று பார்த்தார். "தம்பி, இது மின்னலோ, மீன் முள்ளோ?" என்று கேட்டு, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். முப்பது வருடம் தையல் வேலை பார்த்த கை. மூன்று முடி மட்டும் விட்டுக் கத்தரித்த தூரிகையில் மஞ்சளைத் தொட்டு, மூச்சை நிறுத்தி ஒரே இழுப்பு, நுனியில் அம்பு. அடுத்த கேடயம். அன்று மாலை மட்டும் 24. அந்த மின்னல்களுக்குப் பக்கத்தில் என்னுடையவற்றை வைத்தால் மீன் முள் என்று சொன்னதில் தப்பே இல்லை. அம்மாவைக் கௌரவ உறுப்பினராக்கும் தீர்மானம் பின்னால் வருகிறது.

உடுப்பின் நிறம் பற்றிய விவாதம் மூன்று கூட்டங்களைத் தின்றது. ரோமச் சிப்பாய் என்றாலே சிவப்பு என்று ஒரு கட்சி. சாயம் போடாத வெள்ளைக் கம்பளிதான் என்று இன்னொரு கட்சி. ஆதாரம் இரண்டு பக்கமும் இழுக்கும். மூன்று செஞ்சுரி சிவப்பு, மூன்று வெள்ளை என்று சமரசம். எனக்கு இதில் திருப்தி இல்லை, பதிவு செய்கிறேன். பிரிட்டனில் இருந்த ரோமக் கோட்டை விண்டோலாண்டாவில் கிடைத்த எழுத்துப் பலகை ஒன்றில் யாருக்கோ காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி இருப்பதைக் காட்டி, செருப்புக்குள் காலுறை பூச ஒரு உறுப்பினர் அனுமதி கேட்டார். மண்டபத்தின் ஹீட்டர் பழுதான வாரம் அது. ஒரு குரலில் அனுமதித்தோம்.

செப்டம்பரில் தயாராக இருந்த செஞ்சுரிகளை வைத்து, ரோமரை எதிர்த்துக் கிளர்ந்த பிரிட்டன் ராணி பூடிக்காவின் கடைசிப் போரை ஆடினோம். கி.பி. 60 அல்லது 61. லண்டனை அவள் எரித்த சிவந்த மண்படலம் இன்றும் சிட்டி வட்டாரத்துக்குக் கீழே கிடக்கிறது, பொருளாளரின் அலுவலகமும் அந்தப் பக்கம்தான். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கணக்கில் ரோமர் பத்தாயிரம் பேர். எதிரே 2,30,000 பேர் என்கிறார் இன்னொரு வரலாற்றாசிரியர் டியோ. அதை நம்பினால் பிரிட்டன் தரப்புக்கு மட்டும் 9,500 பெட்டிக்கு மேல் வேண்டும்; நம்பாமல் பரணிலிருந்து வந்த கெல்ட்டுகளோடு நிறுத்திக்கொண்டோம். ஹெய்ல் சீசர் ஆட்ட விதிகளில், ஆணையிடப் பகடை உருட்டும்போது இரண்டு ஆறு விழுந்தால் குளறுபடி. லூடோவில் ஆறு விழாதா என்று ஏங்கி வளர்ந்த நம் தலைவருக்கு அன்று அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்தது. நல்ல செஞ்சுரி சம்பந்தமில்லாத பக்கம் நகர்ந்துபோனது. வரலாற்றில் ஜெயித்த ரோமர் நம் மேசையில் தோற்றார்கள்.

அன்றுதான் இன்னொன்றும் தெரிந்தது. பொம்மைகளை ஒட்டி நிறுத்தும் ஒரு அடித்தளத்தில் எட்டுப் பேர், அதாவது ஒரு கூடாரத்தில் சேர்ந்து படுப்பவர்கள். அகலம் 8 சென்டிமீட்டர். பத்து அடித்தளம் இரண்டு வரிசையில் ஒரு செஞ்சுரி, 40 சென்டிமீட்டர். ஆறும் பக்கம் பக்கமாக நின்றால் 2.4 மீட்டர். நம் மேசை எட்டடி. இரு முனையிலும் இரண்டு விரல்கூட மிஞ்சாது. இதை யாரும் முதலில் பெருக்கிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

வரவு செலவு: சந்தா 1,020 பவுண்டு, பழைய பொருள் விற்பனை 143. செலவில் மண்டப வாடகை 480, பெட்டிகள் 500, வண்ணம், பசை, பிரைமர், டெட்டால் 131. முந்தைய கையிருப்பு 288உடன் சேர்த்து இப்போது 340. ஒரு கடையிலிருந்து வந்த இரண்டு பெட்டிகளில் தளபதிகள் உள்ள சட்டமே இல்லை. நான்கு கடிதத்துக்குப் பிறகு மாற்றுச் சட்டம் வந்தது, ஆனால் குதிரைப்படையினுடையது. விட்டுவிட்டோம்.

மிஞ்சிய தலைகளையும் கைகளையும் வைத்து, சங்கப் பாட்டில் அரசனின் பாசறைக்குக் காவல் நிற்கும் யவனர்களைச் செய்யலாம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சட்டை போட்டு, சவுக்கு வைத்திருப்பவர்கள். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கோஹார்ட் முடிந்த பிறகு.

ஏனென்றால் தாமதத்துக்குக் காரணம் மழையோ டெட்டாலோ அல்ல. இந்த ஆண்டு நாம் 17 பேரும் சொந்தமாக வாங்கிய புதுப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன்: 41. என் கட்டிலுக்கு அடியில் உள்ள ஆறும் அதில் அடக்கம். எனவே செயற்குழுவின் தீர்மானம்: கடைசி 128 பேர் முடியும் வரை யாரும் திறக்காத பெட்டியை மண்டபத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

பாக்கி 16 அடித்தளம், கதவருகே நீலப் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொன்றும் எட்டுப் பேர், பிரைமர் அடித்தாயிற்று. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லவும். நாம் 17 பேர். தனியாகவே ஒரு முழுச் செஞ்சுரியை முடித்துத் தந்த பொருளாளருக்கு மட்டும் விலக்கு. பொங்கலுக்குப் பிந்தைய முதல் கூட்டத்தில் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
செயலாளர்