சிறுநீரில் ரத்தம் வந்தால் சூடு என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் மாமா கடலூர் சிப்காட்டில் சாயப்பொருள் செய்யும் ஒரு ஆலையில் 18 வருஷம் காண்டிராக்ட் கூலியாக இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும் அத்தை அவர் சட்டையை ஊறப்போட்டால் வாளித் தண்ணீர் மஞ்சளாகிவிடும், மூன்று தடவை அலசினாலும் போகாது. போன வருஷம் வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தது, உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமுமாக நாலு மாதம் ஓட்டிவிட்டார், கடைசியில் பார்த்தால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். பீடி பிடிப்பீர்களா என்று கேட்ட டாக்டர், இல்லை என்றதும் அடுத்துக் கேட்டது, என்ன வேலை பார்த்தீர்கள் என்பதுதான்.

சாய ஆலைத் தொழிலாளிகளுக்கு இந்த நோய் வருவதை ஜெர்மனியில் ரென் என்ற மருத்துவர் 1895-லேயே சொல்லிவிட்டார். சாயம் செய்யப் பயன்படும் பென்சிடின் போன்ற ரசாயனங்கள்தான் காரணம் என்பது அப்புறம் உறுதியானது. ரசாயன ஆலைகளில் புழங்கும் இன்னொரு பொருளான பென்சீனால் ரத்தப் புற்றுநோய் வரலாம். எதுவும் உடனே தெரியாது, 20, 30 வருஷம்கூட ஆகும், அதற்குள் காண்டிராக்டர் மாறியிருப்பார், ஆலையே மூடியிருக்கும், யார் எந்த டிரம்மைத் தூக்கினார் என்பதற்கு ஒரு தாள் இருக்காது.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான வேலையில் இருப்பவர்களுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையாவது மருத்துவப் பரிசோதனை, அந்தப் பதிவைத் தொழிலாளியும் பார்க்கலாம் என்று எழுதினார்கள். மாமா கையில் இருப்பது பழைய கேட் பாஸ் மட்டும்தான். காண்டிராக்ட் ஆட்களுக்கும் பதிவு வேண்டும், வேலையை விட்ட பிறகும் பரிசோதனை வேண்டும், மாவட்ட நிர்வாகம் இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

சிப்காட்டில் வேலை பார்த்த அண்ணன்மாரே, ஒரு தடவை ரத்தம் வந்து நின்றுவிட்டாலும் சரி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லிப் பாருங்கள்.

– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்